எந்தப் பணியிடம் போனால் எந்த வேலை நிற்கும்?: நிதிவெட்டுக் காலத்தில் ஓர் உதவி நிறுவனத்தை மறுஆய்வு செய்த அனுபவம்

2025 ஜனவரி இறுதியில் எங்கள் நிதிப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. ஒரு திட்டத்தின் கீழ் நடக்கும் பணிகள் அனைத்தையும் உடனே நிறுத்த வேண்டும் என்றும், அந்த நேரத்துக்குப் பிறகு செய்யும் செலவு எதுவும் ஏற்கப்படாது என்றும் அதில் எழுதியிருந்தது. அதற்குச் சில நாட்கள் முன்புதான், ஜனவரி 20 அன்று, அமெரிக்கா தன் வெளிநாட்டு வளர்ச்சி உதவியை 90 நாட்களுக்கு நிறுத்திவைக்கும் ஆணையைப் பிறப்பித்திருந்தது. எங்கள் ஆண்டு வரவில் பாதிக்கு மேல் அந்த ஒரே நாட்டிலிருந்து வந்துகொண்டிருந்ததால், ஆணையின் பொருளை யாரும் எங்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

அன்று மாலை அவசரமாகக் கூடிய கூட்டத்தில் பணியாளர் பட்டியல் திரையில் விரிந்தது. ஒருவர், ஒப்பந்தம் முடியும் தேதி எழுதியிருந்த பத்தியைத் தேர்ந்து, முழுப் பட்டியலையும் அதன்படி வரிசைப்படுத்தினார். ஒரே நொடியில் பெயர்கள் இடம் மாறின. இரண்டு மாதத்தில் ஒப்பந்தம் முடிய இருந்தவர்கள் மேலே வந்தார்கள், நிரந்தரப் பணியில் இருந்தவர்கள் கீழே போனார்கள். மேலே வந்தவர்களில் பெரும்பாலோர் களத்தில் இருந்த செவிலியர், சமூகப் பணியாளர், ஓட்டுநர், கிடங்குக் காப்பாளர். கீழே இருந்தவர்களில் பெரும்பாலோர் அந்த அறையில் உட்கார்ந்திருந்த நாங்கள். மேலிருந்து ஒரு கோடு இழுத்தால் சேமிப்புக் கணக்கு சரியாக வந்துவிடும் என்று நிதி அலுவலர் சொன்னார். அவர் சொன்ன கணக்கில் பிழை இல்லை என்பதுதான் என்னை அன்று அச்சப்படுத்தியது.

மறுநாள், மூன்று பேர் கொண்ட குழுவுக்குப் பொறுப்பேற்றுப் பணியாளர் அமைப்பை மறுஆய்வு செய்யும்படி என்னைக் கேட்டார்கள். 8 வாரம் அவகாசம், சம்பளச் செலவில் 30 விழுக்காடு குறைப்பு என்பது இலக்கு. நிதிப் பிரிவில் தொடங்கிக் கள மேலாண்மைக்கு வந்தவன் என்பதால் இரண்டு பக்கமும் தெரியும் என்று என்னைத் தேர்ந்திருக்கலாம். அந்த 8 வாரங்களில் நான் கற்றதையும், தாமதமாகக் கற்றதால் சிலருக்கு நேர்ந்த இழப்பையும் இங்கே பதிவு செய்கிறேன். இதே மேசையில் இன்று பலர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதே இதை எழுதக் காரணம். அமெரிக்கா 2025 மார்ச் 10 அன்று தன் உதவி முகமையின் திட்டங்களில் 83 விழுக்காட்டை ரத்து செய்ததாக அறிவித்தது. 1961-இல் தொடங்கிய அந்த முகமையின் பணிகள் ஜூலை 1 அன்று வெளியுறவுத் துறைக்குள் அடங்கின. பிரிட்டன் தன் உதவி ஒதுக்கீட்டைத் தேசிய வருமானத்தில் 0.5 விழுக்காட்டிலிருந்து 2027-க்குள் 0.3 ஆகக் குறைக்கப்போவதாகச் சொன்னது. ஐக்கிய நாடுகள் சபையின் மனிதாபிமான ஒருங்கிணைப்பு அலுவலகமே தன் பணியாளர்களில் 20 விழுக்காட்டைக் குறைக்க வேண்டிய நிலைக்கு வந்தது.

முதலில் பணம். ஆட்களைக் குறைத்தால் உடனே செலவு குறையும் என்ற எண்ணம் பெரும்பாலான இயக்குநர் குழுக்களிடம் இருக்கிறது, எங்களிடமும் இருந்தது. உண்மையில் ஒருவரை விடுவிக்கும்போது முன்னறிவிப்புக் காலச் சம்பளம், பணிக்கொடை, எடுக்காத விடுப்புக்கான தொகை, வெளியூரிலிருந்து வந்தவரென்றால் குடும்பத்தோடு திரும்பிச் செல்லும் செலவு ஆகியவற்றைக் கொடுத்தாக வேண்டும். அலுவலகம் மூடினால் வாடகை ஒப்பந்தம் முறிப்பதற்கான தொகையும் உண்டு. இவற்றை எந்த நிதியிலிருந்து கொடுப்பது என்பதுதான் கேள்வி, ஏனென்றால் திட்டத்தை நிறுத்திய நிதி வழங்குநர் இவற்றை ஏற்பார் என்பதற்கு உறுதி கிடையாது. முதல் மூன்று மாதங்களுக்கு மிச்சம் ஏதும் வராது என்பதோடு கூடுதல் செலவுதான் ஆகும் என்று நாங்கள் கணக்கிட்டுக் காட்டியபோது அறையில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

இதோடு சேர்ந்து இன்னொன்று. பல நிதிகள், முதலில் நாம் செலவு செய்துவிட்டுப் பிறகு கோரிப் பெறும் முறையில் வருபவை. அப்படிச் செலவழித்து முடித்த தொகையே வராமல் நின்றது. ஏற்கெனவே முடித்த பணிகளுக்காகச் சுமார் 200 கோடி டாலரை விடுவிக்க வேண்டும் என்ற உத்தரவைத் தடுத்து நிறுத்த அமெரிக்க உச்ச நீதிமன்றம் மார்ச் 5 அன்று மறுத்தது. ஒரு நிறுவனம் செய்து முடித்த வேலைக்கான கூலிக்கு உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது என்பதிலிருந்தே நிலைமையைப் புரிந்துகொள்ளலாம். ஆகவே மறுஆய்வில் இறங்கும் யாருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான்: ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தை ஓரமாக வைத்துவிட்டு, அடுத்த 26 வாரங்களுக்கு வாரவாரியாகக் கையில் என்ன பணம் இருக்கும் என்ற தாளைத் தயாரியுங்கள். எந்த நிதி வழங்குநரின் நிபந்தனைக்கும் கட்டுப்படாத இருப்பு நிதி எத்தனை மாதச் சம்பளத்துக்குப் போதும் என்பது அந்தத் தாளில்தான் தெரியும். அது தெரியாமல் எடுக்கும் எந்த முடிவையும் ஒரு மாதத்தில் மாற்ற வேண்டிவரும்.

அடுத்து, எல்லாப் பிரிவிலும் சமமாக 30 விழுக்காடு குறைத்துவிடலாம் என்ற யோசனை வந்தது. கேட்பதற்கு நியாயமாக இருக்கும், யாருக்கும் மனக்கசப்பு இல்லை. நானும் முதல் வாரத்தில் அதற்கு ஏறக்குறைய இணங்கிவிட்டேன். முகாம்களுக்குத் தண்ணீர் வழங்கும் பிரிவின் பொறுப்பாளர்தான் என்னை மாற்றினார். அவருடைய குழுவில் மூன்றில் ஒருவர் போனால் லாரிகள் ஓடுவது நிற்காது, வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் குறைந்ததாகத் தெரியாது, ஆனால் குழாயடியில் தண்ணீரைப் பிடித்து அதில் குளோரின் போதுமான அளவு மீந்திருக்கிறதா என்று சோதிப்பவர் இருக்கமாட்டார் என்று அவர் விளக்கினார். மனிதாபிமான உதவிக்கான குறைந்தபட்சத் தரங்களைத் தொகுத்துள்ள ஸ்பியர் கையேடு, ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர் என்று சொல்கிறது. அந்த 15 லிட்டரும் கிடைக்கும், ஆனால் அது குடிக்கத் தகுந்ததா என்று சொல்ல ஆள் இராது. சமமாகக் குறைப்பதென்றால் எல்லா வேலையையும் பெயருக்கு வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் பாதுகாப்பான பகுதியை நீக்குவது என்று அன்று புரிந்தது. சில வேலைகளை முழுமையாக நிறுத்திவிட்டு மற்றவற்றை முழுமையாகச் செய்வது வலி மிகுந்தது, ஆனால் நேர்மையானது. செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழு 2023-இல் பெரும் பற்றாக்குறையைச் சந்தித்தபோது தன் 350 இடங்களில் குறைந்தது 26-ஐ மூடுவதாக அறிவித்தது. அந்த முடிவைப் பற்றி விவாதங்கள் உண்டு என்றாலும், எதை நிறுத்துகிறோம் என்று வெளிப்படையாகச் சொன்னதை நான் மதிக்கிறேன்.

எதை நிறுத்துவது என்று எப்படி முடிவு செய்வது? எங்களிடம் அழகாக வரைந்த அமைப்பு வரைபடம் இருந்தது. கட்டங்கள், கோடுகள், நிதிக்கு ஒரு வண்ணம். இரண்டாவது வாரம் அதைச் சுருட்டி வைத்துவிட்டு, நாங்கள் மூவரும் ஆளுக்கொரு கள அலுவலகத்துக்குப் போய்ப் பணியாளர்களோடு முழு வேலைநாள் ஒன்றைக் கழிப்பது என்று முடிவு செய்தோம். இந்த ஒரு முடிவுக்காக மட்டும் நான் வருந்தியதே இல்லை.

நான் சென்ற இடத்தில் ஒரு கிடங்குக் காப்பாளர் இருந்தார். வரைபடத்தில் அவர் “உதவிப் பணியாளர், நிலை 2”. அவருடைய சம்பளத்தில் 60 விழுக்காட்டை நின்றுபோன திட்டம் கொடுத்துவந்தது, அதனால் முதல் நாள் இழுத்த கோட்டுக்கு மேலே அவர் பெயர் இருந்தது. காலை ஏழரை மணிக்கு அவர் கிடங்கைத் திறந்ததும் முதலில் போனது தடுப்பூசிக் குளிர்பெட்டியிடம். கதவைத் திறக்காமல், வெளியே இருந்த காட்டியில் வெப்பநிலையைப் படித்தார், 4 டிகிரி. பக்கத்தில் ஆணியில் தொங்கிய அட்டையில், நூலால் கட்டி வைத்திருந்த பென்சிலால் தேதிக்கு நேரே புள்ளி வைத்து முந்தைய நாள் மாலைப் புள்ளியோடு கோட்டால் இணைத்தார். 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் இடையில் அந்தக் கோடு மாதம் முழுவதும் அலைந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் விடுமுறை நாட்களுக்கும் புள்ளி இருந்தது. விடுமுறையில் யார் வந்து படித்தது என்று கேட்டேன். “நான்தான், பக்கத்தில்தானே இருக்கிறேன்” என்றார்.

வெப்பம் கூடினால் தடுப்பூசி வீரியம் இழக்கும் என்பது பலருக்கும் தெரியும். உறைந்தாலும் ஹெபடைட்டிஸ் பி போன்ற சில தடுப்பூசிகள் கெட்டுவிடும், பார்த்தால் எளிதில் தெரியாது, செவிலியர் அதையே நம்பிக் குழந்தைக்குப் போட்டுவிடுவார். எங்கள் சுகாதாரத் திட்டத்தின் அறிக்கைகள் அனைத்தும் அந்தப் பென்சில் கோட்டின் மேல்தான் நின்றுகொண்டிருந்தன, ஆனால் சுகாதாரப் பிரிவின் பட்டியலில் அவர் பெயரே இல்லை. மின்தடை வந்தால் ஜெனரேட்டரை இயக்குவதும் அவர்தான், எரிபொருள் இருப்பைக் கணக்கெழுதுவதும் அவர்தான். அவருக்கு மாற்று ஆள் கிடையாது.

திரும்பி வந்தபின் எங்கள் தாளில் புதிதாக ஒரு பத்தியைச் சேர்த்தோம்: இந்தப் பணியிடம் நாளை காலியானால் எந்த வேலை நிற்கும், எத்தனை நாளில் நிற்கும், நின்றால் யாருக்குத் தீங்கு? ஒவ்வொரு பணியிடத்துக்கும் இதை எழுதினோம், எங்களுடையவற்றுக்கும். பதவியின் பெயரையோ பணிவிவரத்தையோ பார்த்து எழுதாமல், அந்த வேலையைச் செய்பவரையும் அதனால் பயன்பெறுபவரையும் கேட்டு எழுதினோம். சில கட்டங்களுக்கு எழுத எதுவும் கிடைக்கவில்லை. நல்ல, உழைக்கும் மனிதர்கள் அந்தக் கட்டங்களில் இருந்தார்கள். அவர்கள் எழுதிய அறிக்கையை அடுத்த நிலையில் ஒருவர் படித்துச் சுருக்கி, அதற்கும் மேலே இன்னொருவருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் வேறொன்றும் கண்ணில் பட்டது. தனக்குக் கீழே ஒரே ஒருவரை மட்டும் கொண்ட மேலாளர்கள் 11 பேர் இருந்தார்கள். யாரும் திட்டமிட்டு இப்படி அமைக்கவில்லை. ஒவ்வொரு நிதியும் வரும்போது தனக்கென்று ஒரு திட்ட மேலாளரையும் ஒரு கண்காணிப்பு அலுவலரையும் கேட்டது, நாங்களும் ஒப்புக்கொண்டு வைத்தோம், நிதி முடிந்தபோது அடுத்த நிதியில் அவர்களை இடம் மாற்றிக் காப்பாற்றினோம். பத்தாண்டுகளில் நிறுவனத்தின் உருவம் மக்களின் தேவையைப் பார்த்து வளராமல், நிதி ஒப்பந்தங்களின் வரிசையைப் பார்த்து வளர்ந்துவிட்டது. நல்ல காலத்திலேயே இதைச் சரிசெய்திருந்தால் ஓய்வு பெறுவோர் இடங்களை நிரப்பாமல் விட்டே பாதியை முடித்திருக்கலாம். நெருக்கடி வந்தபின் அதே வேலையை ஆட்குறைப்பு என்ற பெயரில் செய்ய வேண்டியதாயிற்று.

குறைக்கவே கூடாதவை என்று நான் கருதுபவற்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவைதான் முதலில் வெட்டப்படுகின்றன. கணக்கு, கொள்முதல், பாதுகாப்பு, முறைப்பாடுகளைக் கேட்டு விசாரிக்கும் பிரிவு ஆகியவை எல்லாம் “நிர்வாகச் செலவு” என்ற ஒரே தலைப்பில் கிடக்கும். ஐரோப்பிய ஒன்றியம் உட்படப் பல நிதி வழங்குநர்கள் இதற்கு 7 விழுக்காட்டு அளவில்தான் தருகிறார்கள். எங்கள் நிதிப் பிரிவை ஐந்திலிருந்து இரண்டு பேராகக் குறைக்கும் முன்மொழிவு வந்தபோது, பொருள் வேண்டும் என்று கேட்பவர், அனுமதிப்பவர், பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திடுபவர், பணம் கொடுப்பவர் ஆகிய நால்வரும் வெவ்வேறு ஆட்களாக இருக்க வேண்டும் என்ற அடிப்படை விதியை இரண்டு பேரைக் கொண்டு எப்படிக் காப்பது என்று கேட்டேன். விடை வரவில்லை, மூன்று பேரை வைத்தோம். முறைப்பாட்டுப் பிரிவும் அப்படியே. ரேஷன் குறைந்து, வரிசை நீண்டு, ஒரு பொதி மாவுக்காக மனிதர்கள் எதற்கும் இணங்க வேண்டிய நிலை வரும்போதுதான் பணியாளர் ஒருவர் தன் அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தும் ஆபத்து கூடுகிறது. அந்த நேரத்தில் புகார் கேட்கும் தொலைபேசியை எடுக்க ஆள் இல்லாமல் செய்வதை என்னால் ஏற்க முடியவில்லை. பாதுகாப்பைப் பொறுத்தவரை, 2024-இல் மட்டும் உலகம் முழுவதும் 380-க்கும் மேற்பட்ட உதவிப் பணியாளர்கள் கொல்லப்பட்டார்கள், அவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்தந்த நாட்டவர்கள். இதற்கு மேல் வாதிட வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

இனி எங்கள் தவறுகள். மறுஆய்வு தொடங்கிய முதல் வாரத்திலேயே, குழுவின் கருத்துக்குக் காத்திராமல், சிறிய உள்ளூர்க் கூட்டாளி அமைப்புகளோடு இருந்த ஒப்பந்தங்களைத் தலைமை ரத்து செய்துவிட்டது. அவை 30 நாள் முன்னறிவிப்பில் முடிக்கக்கூடியவை, பணிக்கொடை கிடையாது, ஆகவே எளிது. நானும் அப்போது எதிர்க்கவில்லை. 2016-இல் இஸ்தான்புல்லில் நடந்த உலக மனிதாபிமான மாநாட்டையொட்டி உருவான உடன்பாட்டில், 2020-க்குள் மனிதாபிமான நிதியில் குறைந்தது 25 விழுக்காடு உள்ளூர் அமைப்புகளுக்கு இயன்றவரை நேரடியாகச் சேர வேண்டும் என்று பெரிய நிதி வழங்குநர்களும் நிறுவனங்களும் உறுதி கொடுத்தார்கள். எங்கள் சுவரில் அந்த வாசகம் தொங்கியது. கூட்டாளி அமைப்பு ஒன்றின் தலைவர் என்னிடம், “உங்களுக்கு நிதி வந்தபோது எங்களைப் பங்காளி என்றீர்கள், நிதி போனதும் ஒப்பந்தக்காரர் என்கிறீர்கள்” என்றார். நாங்கள் வெளியேறிய பகுதிகளில் அந்த அமைப்பின் ஆட்கள் சம்பளமின்றி இரண்டு மாதம் வேலை செய்தார்கள். பிறகு மூன்று ஒப்பந்தங்களை மீட்டோம், எங்கள் சர்வதேசப் பணியிடங்கள் இரண்டைக் கைவிட்ட தொகை அதற்குப் போதுமானதாக இருந்தது. அந்தக் கணக்கை முதல் நாளே யாராவது போட்டுப் பார்த்திருக்க வேண்டும். அந்த யாராவது நானாக இருந்திருக்க வேண்டும்.

இன்னொரு நிகழ்வு இன்றும் மனதில் தைக்கிறது. குடும்பத்தைப் பிரிந்து தனியே வந்த குழந்தைகளைக் கவனிக்கும் ஒரு சமூகப் பணியாளர், தன் வேலை போனதை அறிந்தது கணினியில் நுழைய முடியாமல் போனபோதுதான். கடிதம் தயாராகும் முன்பே கணக்கை மூடிவிட்டார்கள். அவர் என்னைத் தொலைபேசியில் அழைத்துத் தன் வேலையைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. பூட்டிய அலமாரியில் குழந்தைகளின் கோப்புகள் இருக்கின்றன, அதில் இரண்டு பேருக்கு அடுத்த வாரம் உறவினரைச் சந்திக்க ஏற்பாடு செய்திருக்கிறேன், சாவியை யாரிடம் கொடுப்பது என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அவருடைய ஒப்பந்தத்தை ஆறு வாரம் நீட்டிக்க நான் போராட வேண்டியிருந்தது. அந்த ஆறு வாரத்தில் ஒவ்வொரு கோப்பையும், குடும்பத்தின் ஒப்புதலோடு, இன்னோர் அமைப்பிடம் நேரில் ஒப்படைத்தார். பொருட்களைக் கணக்கெடுத்து ஒப்படைக்க எல்லா நிறுவனங்களிலும் படிவம் இருக்கிறது. தனியொரு மனிதரின் நம்பிக்கையில் தொங்கிக்கொண்டிருக்கும் உயிர்களை ஒப்படைக்கவும் ஒரு முறையும் அதற்கான காலமும் வேண்டும், அந்தக் காலத்துக்கான சம்பளத்தை வெளியேறும் செலவில் முதலிலேயே சேர்த்துவிட வேண்டும்.

அதன்பின் சொல்லும் முறையை மாற்றினோம். எந்த அளவுகோலில் முடிவெடுக்கிறோம் என்பதைப் பெயர்கள் முடிவாகும் முன்பே எல்லோருக்கும் எழுத்தில் கொடுத்தோம். பணியாளர் சங்கப் பிரதிநிதி ஒருவரைக் குழுவில் சேர்த்தோம். ஒவ்வொருவரிடமும் நேரடி மேலாளரும் மனிதவள அலுவலரும் சேர்ந்து, முற்பகலில், தனியறையில் பேசினார்கள். வெள்ளிக்கிழமை மாலையில் யாருக்கும் சொல்லவில்லை. சொல்லும்போதே கையில் கடிதமும் தொகைக் கணக்கும் பணிச்சான்றும் இருந்தன. இவற்றால் துயரம் குறைந்தது என்று சொல்லமாட்டேன், ஆனால் வதந்தி குறைந்தது, எஞ்சியவர்கள் எங்கள் முகத்தைப் பார்த்துப் பேசினார்கள்.

எட்டு வார முடிவில் இரண்டு கள அலுவலகங்களை மூடினோம், தலைமை அலுவலகத்தில் ஒரு முழு நிலையை நீக்கினோம், வாழ்வாதாரப் பயிற்சித் திட்டத்தை முற்றாக நிறுத்தினோம். ஐ.நா.வின் மனிதாபிமான ஒருங்கிணைப்பு அலுவலகமே அந்த ஜூனில் 4,400 கோடி டாலர் வேண்டுகோளைச் சுருக்கி, 11.4 கோடி மக்களுக்கு 2,900 கோடி டாலர் என்று முன்னுரிமைப் பட்டியல் வெளியிட்டபோது, அதை எழுதியவர்களின் மேசையிலும் எங்கள் மேசையிலிருந்த அதே கேள்விதான் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பயிற்சித் திட்டம் நல்ல திட்டம். அதைப் பயனற்றது என்று அறிக்கையில் எழுத ஒருவர் முயன்றபோது தடுத்தேன். நல்லதையே நிறுத்துகிறோம், பணம் இல்லாததால் நிறுத்துகிறோம் என்றுதான் எழுதினோம்.

ஆறு மாதம் கழித்து அதே தாளை எடுத்துக்கொண்டு மூவரும் மறுபடி போனோம். இந்தப் பயணம் முதல் திட்டத்திலேயே இருந்தது, செலவென்று சொல்லி அதை வெட்ட வந்தபோது விட்டுக்கொடுக்கவில்லை. கிடங்கில் அட்டை தொங்கியது, கோடு 2-க்கும் 8-க்கும் இடையில் இருந்தது, இப்போது புள்ளி வைக்க இரண்டாவதாக ஒருவரும் பழகியிருந்தார். மற்றோர் அலுவலகத்தில், வாகனங்கள் ஊர் திரும்பும்வரை வானொலிக் கருவியின் முன் உட்கார்ந்திருந்தவரின் பணியிடத்தை நாங்கள் நீக்கியிருந்தோம், அந்த வேலையை ஓட்டுநர்களே கைபேசியில் பார்த்துக்கொள்வார்கள் என்று எழுதியிருந்தோம். தொடர்பு கிடைக்காத பாதையில் ஒரு வாகனம் பழுதாகி, மூன்று பேர் இரவு முழுவதும் சாலையில் இருந்ததை யாரும் காலைவரை அறியவில்லை. தாளில் அந்த வரிக்கு எதிரே “எங்கள் மதிப்பீடு தவறு” என்று எழுதி மூவரும் கையெழுத்திட்டோம். அடுத்து வந்த சிறிய நிதியில் முதல் பணியிடமாக அதைச் சேர்த்து, முன்பு அதைச் செய்துவந்தவரையே அழைத்தோம். அவர் வந்தார்.